பின்பக்கத்து ஸ்விட்ச்

சிறுமலை, பழையூர்
11.8.2024

அன்புள்ள மதி,

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். போனை எடுக்கவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். தோட்டத்தில் டவர் கிடைப்பதில்லை என்பது பாதிக் காரணம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்பது மீதி. எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இங்கே மாமனாரின் வாழைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஜெசிந்தா நன்றாக இருக்கிறாள். தார் வெட்டுகிறேன், மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டு மாதங்கள் ஆகின்றன.

எழுதக் காரணம் இதுதான். இங்கே துணை சுகாதார நிலையத்தில் அறிவுச்செல்வி என்று ஒரு நர்ஸம்மா. மழைக்காலத்தில் இரண்டு நாள் கூடக் கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஊர் இது. யாரோ நன்கொடையாக ஒரு இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜுக்கும் பிரசவ அறை விளக்குக்கும். நான் அந்த வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை வந்து கேட்டுவிட்டார். நான் மூன்று முறையும் பொய் சொன்னேன். கடையில் கணக்குப் பிள்ளையாக இருந்தேன் என்று.

மதி, பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தேன். சிவனம்மாள் அம்மா வீட்டில் நான் மாட்டினேனே, அதே மாடல். இன்வெர்ட்டரும் சார்ஜரும் ஒரே டப்பாவுக்குள் இருப்பது. அதே சீல்டு பேட்டரி.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் இன்னொன்றை எப்படி மாட்டுவேன்?

தினமும் அதையே யோசிக்கிறேன். அந்த அம்மா படுத்திருந்த அறையிலேயே பேட்டரி வைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் வைத்தால் சார்ஜ் ஏறும்போது வாயு வரும், மூச்சுக்கு ஆகாது. அதனால்தான் சீல்டு வைத்தேன். டப்பாவின் பின்பக்கத்தில், பேட்டரி எந்த வகை என்று சார்ஜருக்குச் சொல்கிற ஸ்விட்சைச் சீல்டில் வைத்தேன். அன்றைக்கு அந்த அம்மா கேட்டார்: "ஏப்பு, இந்தப் பொட்டி என்னதான் செய்யுது?" நான் சொன்னேன்: "கரண்டு இருக்கும்போது பேட்டரிக்குச் சோறு ஊட்டும் ஆத்தா. கரண்டு போனா அதுகிட்ட இருந்து வாங்கி ஒங்க ஆக்ஸிஜன் மிஷினுக்குக் கொடுக்கும்." "எம்புட்டு ஊட்டும்?" என்று கேட்டார். மூக்கில் குழாயோடு சிரித்தபடி கேட்டார்.

முதலில் பசியோடு இருக்கும்போது வேகமாக ஊட்டும். முக்கால் வயிறு நிறைந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரி தானாக எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவுதான். நிறைந்த பிறகு, காய்ந்துபோகாமல் இருக்க ஒரு வாய், அவ்வளவே. மூன்று கட்டம். டியூபுலருக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. சில வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே அதிக வோல்டேஜ் கொடுத்துக் கொதிக்க விடும். தட்டில் படிந்ததைக் கரைக்க. தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். சீல்டுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூடியில்லை, ஊற்ற வழியில்லை. போன தண்ணீர் போனதுதான்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தப் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தேன் மதி. வயிறு உப்பியிருந்தது, எடை குறைந்திருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. வோல்டேஜ் ஏறாமல் தண்ணீர் போகாது. ஸ்விட்சோ சீல்டில்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

மாட்டிய அன்று நான் மீட்டர் வைத்துக் கடைசிவரை அளக்கவில்லை. இரண்டாம் கட்டம் ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு வேலை இருந்தது. அதுதான் என் தப்பா? அக்டோபரில் கரண்ட் போன அன்று, ஐந்து மணி நேரம் தாங்க வேண்டியது இருபது நிமிடத்தில் நின்றது. அந்த அம்மா தனியாக இருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார். அவர் மகன் ஈஸ்வரன் என்னைத் தெருவில் அடித்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. அடி இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

அந்த டப்பாவை நீ கடைக்கு எடுத்து வந்து வைத்திருப்பாய். புதிதாக இரண்டு சீல்டு பேட்டரி கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுது. தப்பு என்னுடையது என்றால் அப்படியே எழுது. மறைக்காதே.

ஆண்டனிராஜ்


திண்டுக்கல், நாகல் நகர்
19.8.2024

அன்புள்ள ஆண்டனி,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

நம் கடை ஓடுகிறது. போர்டில் உன் பெயரை நான் எடுக்கவில்லை. சிலர் எடுக்கச் சொன்னார்கள்.

நீ சொன்னபடி டப்பாவைக் கீழே இறக்கி அளந்தேன். ஸ்விட்ச் சீல்டில் இருக்கும்போது இருபத்தெட்டு வோல்ட் அருகில் நிற்க வேண்டியது முப்பதைத் தாண்டிப் போகிறது. உள்ளே போர்டு கெட்டிருக்கிறது. ஸ்விட்ச் சொல்வதைப் போர்டு கேட்கவில்லை. தயாரிப்பிலேயே வந்த கோளாறாக இருக்கும். இதில் உன் தப்பு எதுவும் இல்லை. நீ கடைசிவரை உட்கார்ந்து அளந்திருந்தாலும் முதல் நாள் சரியாகத்தான் காட்டியிருக்கும்.

ஆகவே மனதைப் போட்டு உழப்பாதே. முடிந்துபோனது. கீழே வா. இரண்டு பேர் வேலையை ஒருவன் பார்க்கிறேன். வர விருப்பமில்லை என்றால் அங்கேயே இரு. ஆனால் அதையே நினைத்துக்கொண்டு இருக்காதே.

ஜெசிந்தாவைக் கேட்டதாகச் சொல்.

மதியழகன்


சிறுமலை, பழையூர்
27.8.2024

அன்புள்ள மதி,

தபால்காரர் கொடுத்ததும் தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் அழுதது உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், பிறகு தெரிந்தால் என்ன என்று எழுதுகிறேன். ஜெசிந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியும், நீங்க அப்பிடி வேல செய்யிறவரு இல்ல" என்றாள். பத்து மாதமாக அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் முறையாக முன்வரிசையில் போய் நின்றேன்.

உடனே இரண்டு காரியம் செய்தேன்.

அறிவுச்செல்வி அம்மாவிடம் போய், நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, அந்தப் பெட்டியைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், அந்த மாடலில் கோளாறு இருக்கிறது, என் கடைக் கூட்டாளி அளந்து பார்த்துவிட்டான் என்று சொன்னேன். உன் கடிதத்தையே காட்டினேன். அந்த அம்மா முகம் வாடிவிட்டது. போன வாரம்தான் தென்மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு இரண்டு டார்ச் லைட் பிடித்துப் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். தையல் போடும்போது ஒரு டார்ச் அணைந்துவிட்டதாம். அடுத்த பெட்டி எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த வாரம் வியாழன் மருந்து கொண்டுவருகிற வேனில் பெட்டியைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

இரண்டாவது, கௌசல்யாவுக்கு ஒரு கார்டு எழுதியிருக்கிறேன். இன்னும் போடவில்லை. "உங்கள் அம்மா விஷயத்தில் என் கை தப்புச் செய்யவில்லை, இயந்திரம் தப்புச் செய்தது" என்று. எழுதிவிட்டுப் பார்த்தால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினதுபோல் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதனால் என்ன கிடைக்கும்? போடட்டுமா, வேண்டாமா, நீ சொல்.

ஒன்று மட்டும் புரியவில்லை. போர்டு முதலிலிருந்தே கெட்டது என்றால், முதல் மூன்று மாதம் நான் இரண்டு முறை போய்ப் பார்த்தபோது பேட்டரி நன்றாகத்தானே இருந்தது? மார்ச்சில் நீ ஒருமுறை போனாயே, அப்போது ஏதாவது கண்ணில் பட்டதா?

கம்பெனிக்கு எழுது மதி. அந்த மாடல் வைத்த மற்ற வீடுகளுக்கும் சொல்.

ஆண்டனி


திண்டுக்கல்
2.9.2024

ஆண்டனி,

இதைத் தபாலில் போட்டால் வியாழனுக்குள் வந்து சேராது. அதனால் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இதைச் செய்: பெட்டியைத் திருப்பி அனுப்ப விடாதே. அந்த மாடலில் எந்தக் கோளாறும் இல்லை. நான் அளக்கவில்லை. டப்பாவைக் கீழே இறக்கக்கூட இல்லை. அந்த எண்களை நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.

கார்டைப் போடாதே.

இப்போது மீதியை எழுதுகிறேன். நான்கு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

மார்ச்சில் கௌசல்யா கடைக்குப் போன் செய்தாள். "அண்ணே, பச்சை லைட்டு வரவே மாட்டேங்குது, ராத்திரி முழுக்க மினுக்கிக்கிட்டே கெடக்குது, அம்மா பயப்படுறாங்க" என்றாள். நீ விடுப்பில் இருந்தாய். நான் போனேன். அந்த வாரம் முழுக்க அங்கே கரண்ட் வந்து வந்து போயிருக்கிறது. பேட்டரி பசியோடு இருந்தது, அவ்வளவுதான். சீல்டில் கடைசிக் கட்டம் மெதுவாகத்தான் ஏறும். பொறுத்திருந்தால் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அந்த அம்மா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் செய்யாமல் எழுந்து வர எனக்குக் கூச்சமாக இருந்தது. வழக்கமாகச் செய்வதுபோல் பின்பக்கத்து ஸ்விட்சை டியூபுலருக்குத் தள்ளினேன். வோல்டேஜ் கூடும், சீக்கிரம் ஏறும். சாயங்காலம் பச்சை வந்துவிட்டது என்று கௌசல்யா போன் செய்து நன்றி சொன்னாள். அன்று பகல் முழுக்கக் கரண்ட் போகவில்லை. நான் தொடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

இரண்டு நாளில் போய்த் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது உண்மை. அதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

ஏழு மாதம் அந்தச் சார்ஜர் சீல்டு பேட்டரியை டியூபுலர் என்று நினைத்துச் சில வாரத்துக்கு ஒருமுறை கொதிக்க வைத்திருக்கிறது.

அக்டோபர் பன்னிரண்டு, மாதாந்திர மின்தடை அன்று பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். நீ ஒட்டன்சத்திரத்தில் இருந்தாய். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. வீடு திறந்து கிடந்தது. கட்டில் காலி. ஆக்ஸிஜன் குழாய் தரையில். யாரும் இல்லை. டப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். டியூபுலரில் இருந்தது.

நகத்தால் தள்ளிச் சீல்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீ ஒரு மணி நேரம் கழித்து வந்தாய். நேராக ஸ்விட்சைத்தான் பார்த்தாய். "சரியாத்தான மாப்ள இருக்கு" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். நான் "ஆமா" என்றேன்.

சாவு வீட்டுக்கு நாம் மாலை வாங்கிக்கொண்டு போனோம். ஈஸ்வரன் உன்னை அடிக்கும்போது அந்த மாலையின் மறுமுனை என் கையில் இருந்தது. நான் அதைக் கீழே போடக்கூட இல்லை. நீ ஒன்றும் சொல்லாமல் நின்றாய். நானும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். நீ மலைக்குப் போகிறேன் என்றபோது நான் தடுத்ததுபோல் பேசினேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டாமே என்று.

போன கடிதத்தில் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று நினைத்தேன். நீ கோயிலில் முன்வரிசையில் நின்றதாக எழுதியதைப் படித்ததும் என்னால் சாப்பிட முடியவில்லை. தென்மலைப் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு உட்காரவும் முடியவில்லை.

மதியழகன்


சிறுமலை
4.9.2024

பெட்டியை நிறுத்திவிட்டேன்.

உன் கடிதத்தை ஜெசிந்தாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

என்னிடம் சொன்னதோடு முடிந்தது என்று நினைக்காதே. நீ சொல்ல வேண்டியது என்னிடம் அல்ல. கௌசல்யாவிடம் போ. போன பிறகு எழுது. போகாமல் எழுதாதே.

ஆண்டனிராஜ்


திண்டுக்கல்
22.9.2024

ஆண்டனி,

போய்விட்டு வந்தேன். பதினேழு நாள் ஆனது. முதல் இரண்டு தடவை ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

நேற்று போனேன். கௌசல்யா தோட்டத்தில் செண்டுமல்லி பறித்துக்கொண்டிருந்தாள். தனியாக. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வீட்ல யாரும் இல்ல, செத்த நேரம் இருங்க" என்றாள். நான் நிற்கிற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தேன். உட்கார்ந்தால் காபி போட்டுவிடுவாள், பிறகு சொல்ல முடியாது.

உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். ஸ்விட்சைத் தள்ளியதை. திருப்பித் தள்ளியதை. அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. பூ கூடையில் விழுந்துகொண்டே இருந்தது. நான் முடித்ததும் கேட்டாள்:

"அந்தப் பச்சை லைட்டு என்னத்தண்ணே காட்டும்?"

"சார்ஜர் தன் வேலைய முடிச்சிருச்சுன்னு மட்டும் காட்டும்மா. பேட்டரிக்குள்ள எம்புட்டு இருக்குன்னு காட்டாது."

"அப்ப, பேட்டரி கெட்டுப் போயிருந்தாலும் எரியுமா?"

"எரியும். காஞ்ச பேட்டரி கொஞ்சந்தான் வாங்கும். அதனால சீக்கிரமே நெறஞ்சிட்டதாக் காட்டும்."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"கடைசி ரெண்டு மாசம் கரண்டு வந்த செத்த நேரத்துலயே பச்சை வந்துரும். மதியண்ணன் வந்து பாத்த பெறகு நல்லா வேல செய்யுதும்மான்னு அம்மாகிட்டச் சொன்னேன்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு ரேசன் கடைக்குப் போகும்போது பாத்துட்டுத்தான் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டு மறுபடி வந்து பாத்தேன். பச்சை எரிஞ்சுச்சு. அஞ்சு மணி நேரம் தாங்கும்னு ஆண்டனியண்ணன் சொல்லியிருந்தாரு. நான் ஒரு மணி நேரத்துல வந்துருவேன். சின்ன சிலிண்டர் பக்கத்துலயேதான் இருந்துச்சு. அம்மாவால அதத் தெறக்க முடியாது, நான்தான் தெறக்கணும்." விரலில் ஒட்டியிருந்த இதழைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் ஆஸ்பத்திரியில வச்சே கேட்டான், பாத்தியா பாக்கலயான்னு. பாத்தேன்னேன். நம்பல. பச்சை எரிஞ்சா இருவது நிமிசத்துல எப்பிடி நிக்கும், நீ பாக்காமப் போயிட்டன்னான். பதினோரு மாசமா எங்கூடப் பேசல. அவன் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாப் போச்சுண்ணே. நெசமாவே பாத்தேனா, இல்ல பாத்ததா நானே நெனச்சுக்கிட்டேனான்னு."

ஆண்டனி, இது எனக்குத் தெரியாது. உன்னை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் இத்தனை நாளும் தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நீ பாத்தம்மா" என்றேன். "நீ பாத்ததுதான் சரி."

அவள் அழுதாள். சத்தமில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னது பத்தாதுண்ணே. தெருவே பாத்துக்கிட்டு இருக்கும்போது அந்தண்ணன அடிச்சோம். தெருவுல சொல்லுங்க. எங்கண்ணன் இருக்கும்போது சொல்லுங்க."

சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கம் ஆள் கூடுவார்கள். அங்கேயே காத்திருந்தேன். பாதிக் குடம் நிறைந்திருக்கும்போதே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. குரல் கம்மிக் கம்மி வந்தது. "சத்தமாச் சொல்லு, கேக்கல" என்று பெருமாயி என்கிற அம்மா பின்னாலிருந்து சொன்னார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஈஸ்வரன் பைக்கில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் இரண்டே கேள்வி கேட்டான்.

"அன்னிக்கு மாலையப் புடிச்சுக்கிட்டு அவரு பக்கத்துல நின்னது நீங்கதான?"

"ஆமா."

"நான் அவர அடிக்கும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

அவன் தங்கச்சியைப் பார்த்தான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அவன் பைக்கைக் கிளப்ப மிதித்தான், கிளம்பவில்லை. நாலைந்து தடவை மிதித்துவிட்டு, உருட்டிக்கொண்டே போனான். சாவியைத் திருப்பவே இல்லை. அதை அவனிடம் சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

போகச் சொன்னாய், போனேன்.

மதியழகன்


சிறுமலை, பழையூர்
3.10.2024

மதி,

உன் கடிதத்தை இந்த முறை ஜெசிந்தா படித்தாள். கௌசல்யா சொன்ன இடம் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. காலையில் எழும்போது மன்னித்ததுபோல் இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது இருப்பதில்லை. பதினைந்து வருடம் ஒரே டிபன் டப்பாவில் வெஞ்சனம் பகிர்ந்து தின்றிருக்கிறோம். அந்த "ஆமா"வை நீ சாதாரணமாகச் சொன்னாய். எச்சில்கூட விழுங்கவில்லை.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. சந்தோஷம். நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று மனது துள்ளியது. அந்த அம்மா இல்லை, அவர் மகள் தாயில்லாமல் கிடக்கிறாள், எனக்குச் சந்தோஷம். அன்று முழுக்க ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை உன்னிடம்தான் எழுத முடிகிறது என்பது வேறு விஷயம்.

போன வாரம் நிலையத்துப் பெட்டியைப் பிரித்தேன். ஸ்விட்சைப் பார்த்து நிச்சயம் பண்ணவே நேரமானது. இணைப்புக் கொடுத்துவிட்டு மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இருபத்தெட்டில் போய் நின்றது. அதற்குப் பிறகு ஆம்பியர் மெதுவாக இறங்கியது. அறிவுச்செல்வி அம்மா இரண்டு முறை டீ கொடுத்தார். "வேல முடிஞ்சிருச்சுல்ல, பெறகு எதுக்குங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். "இன்னும் முடியலம்மா" என்றேன். கடைசிக் கட்டத்துக்கு இறங்கி இருபத்தேழில் நின்றபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மெயினை அணைத்தேன். ஃபிரிட்ஜ் சத்தம் நிற்கவில்லை. பிரசவ அறை விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டி எரிந்தது. அந்த அறையிலேயே சுவரில் சாய்ந்து நான்கு மணி நேரம் இருந்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பச்சை விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், மாதம் ஒருமுறை மெயினை அணைத்து ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதை நான் சிவனம்மாள் வீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். அது என் பங்கு. அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உன் விஷயம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "வழக்கமாகச் செய்வதுபோல்" என்று எழுதியிருக்கிறாய்.

வழக்கமாக என்றால் எத்தனை வீடு?

ஆண்டனிராஜ்


திண்டுக்கல்
20.10.2024, ஞாயிறு

ஆண்டனி,

ஒன்பது வீடு.

நீ கேட்ட பிறகு சர்வீஸ் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். சார்ஜ் ஏறவில்லை என்று கூப்பிட்டு, நான் போய், அரை மணி நேரத்தில் சரி என்று எழுதிவிட்டு வந்த வீடுகள். அதில் சிவனம்மாள் வீடு போக, சீல்டு வைத்தவை ஒன்பது. ஒன்பதிலும் ஸ்விட்சைத் தள்ளியிருக்கிறேன். சிலவற்றில் திருப்பி வைத்தேனா என்பதே எனக்கு நினைவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். சும்மா சர்வீஸ் என்று சொல்லிப் போயிருக்கலாம். அப்படித்தான் முதல் வீட்டு வாசலில் மனது சொன்னது. சொல்லிவிட்டே போனேன். பேகம்பூரில் ரஃபி பாய் கேட்டுவிட்டுப் பழைய பில்களை எடுத்து வந்து காட்டினார். இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருக்கிறார். "ராசியில்லாத வீடுன்னு எங்க வீட்டம்மா சொல்லிக்கிட்டு இருந்தா. நீதானா அது?" என்றார். ஆர்.எம். காலனியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வெளியே போகச் சொன்னார். ஸ்விட்சை மட்டும் திருப்பிவிட்டுப் போகிறேன் சார் என்று கெஞ்சினேன். மகனைக் கூப்பிட்டு, நான் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி உள்ளே விட்டார். எட்டாவது வீட்டுக்காரர்கள் அய்யலூருக்குக் குடிபோய்விட்டார்கள். வியாழக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். கூட்டத்தில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டில் மட்டும் ஸ்விட்ச் சரியாக இருந்தது. திருப்பி வைத்திருக்கிறேன் போல. அந்த ஒன்றுக்காகச் சந்தோஷப்பட எனக்கு வெட்கமாக இருந்தது.

எந்த வீட்டிலும் ஆக்ஸிஜன் மிஷின் இல்லை. ஃபேனும் டிவியும்தான். இதை என் நல்ல நேரம் என்று எழுதப் பார்த்து, அடித்துவிட்டேன்.

மீதியை எழுதுவதற்குள் ஒரு காரியம் நடந்தது. நேற்று ஈஸ்வரன் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சிறுமலைக்கு எந்த பஸ்ஸுங்க போறது?"

சொன்னேன்.

"பழையூர்ல எறங்கி எந்தப் பக்கம் போகணும்? அவரு வீட்டு வாசல்ல போய் நின்னா உள்ள விடுவாரா?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

இப்போது இதைப் பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொரு மணி வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஈஸ்வரன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். உன்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றும் வேறு வேறாக இருந்தது. கடைசியில், "பாத்த ஒடனே எது வருதோ அதச் சொல்றேன்" என்றான்.

நான் வரவில்லை. நீ கூப்பிட்டால் வருவேன் என்றும் எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால் கூப்பிடுகிற வேலையை உன் தலையில் வைத்ததாகும்.

கௌசல்யாவும் வருகிறாள். காலையில் அவனாகவே போய்க் கூப்பிட்டானாம். ஜன்னலோரத்தில் இருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வண்டிக்குள் கூட்டம் ஏற ஏற, அவள் மடியில் இருந்த பெரிய பையை அவன் கேட்காமலேயே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் கொடுத்துவிட்டு வெளியே பார்க்கிறாள்.

டிரைவர் ஏறிவிட்டார். இதை ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுக்க வேண்டும்.

மதியழகன்